அண்ணாந்து பார்க்க ஒரு வீடு

லண்டனின் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில், புறநகர் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது 'ரெட் ஹவுஸ்'. 1859இல் வடிவமைப்புக் கலைஞர் வில்லியம் மாரிஸுக்காக அவர் நண்பர், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் வரைந்தது. அப்போது சுற்றிலும் பழத்தோட்டம். செங்கல்மேல் சாந்து பூசிக் கல்கட்டடம்போல் காட்டிக்கொண்ட வீடுகள் பெருகியிருந்த காலத்தில், பூச்சே இல்லாமல் நின்றதால் செங்கல்லின் நிறமே அதற்குப் பெயராயிற்று.

ஜன்னல்களைப் பாருங்கள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், மாடி நடையில் வட்ட வட்டமாய்ச் சில. தெருவில் போகிறவர் மெச்ச வேண்டுமென்று எதுவும் வைக்கப்படவில்லை. உள்ளே வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே ஜன்னல். மேலே தேவாலயத்துக்குரிய கூர்வளைவு, அதனடியில் ஏற்றி இறக்கும் சாதாரண வீட்டு ஜன்னல். இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. (பிரதான அறைகளை வடக்கு பார்த்து வைத்து, குடியிருந்தவர்களைக் குளிரில் வாட்டியதை மட்டும் வெப்புக்கு மன்னிக்க முடியாது.)

எனக்குப் பிடித்தது மாடிப்படிக்கு மேலுள்ள உட்கூரை. சாந்து ஈரமாக இருக்கும்போதே வடிவத்தைப் புள்ளிகளாகக் குத்திவிட்டார்கள். வண்ணம் மங்கினாலும் கோலப்புள்ளி தவறாது. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் மறுபடி தீட்டலாம். வீடு தன் கைக்குப் பிறகும் இருக்கும் என்று நினைத்தவரின் வேலை இது. 2013இல் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் ஆதாம், ஏவாள், நோவா உள்ள சுவரோவியம் வெளிப்பட்டது. மாரிஸின் நண்பர் குழாம் தீட்டியது.

இவ்வளவு ஆசையாய்க் கட்டிய மாரிஸ் அங்கே வாழ்ந்தது 5 ஆண்டுகள்தான். வருமானம் சுருங்கியது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1865இல் லண்டனுக்கே போய்விட்டார். பிறகு வீடு கைமாறிக்கொண்டே இருந்தது. 'தி ஸ்டூடியோ' கலை இதழைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹோம் 1889இல் குடியேறினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு அலுவலகம்கூட நடந்தது. 1952இல் கட்டடக் கலைஞர் டெட் ஹாலம்பி குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். 1999இல் இறக்கும்வரை இருந்து, சீர்கெட்டிருந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டார். 2003இல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வீட்டை ஏற்றது. புகழ் மாரிஸுக்குப் போகட்டும். நாம் பார்க்க வீடு மிஞ்சியதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஹாலம்பிக்கு.