சலவை முத்திரை

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஒரு சிறு மலை ஊரில் 1933 முதல் 1957 வரை இயங்கியது பிளாக் மவுண்டன் கல்லூரி. பண்ணை வேலையையும் சமையலறை வேலையையும் மாணவர்களும் ஆசிரியர்களும் பகிர்ந்துகொண்ட இடம். அதைப் பற்றிய பேச்சில் ஜான் கேஜ், ராபர்ட் ரவுஷன்பர்க் என்று ஆண்களின் பெயர்களே முந்திக்கொள்கின்றன.

என்னை நிறுத்தியது ரூத் அசாவாவின் ஒரு தாள். ஜப்பானிய வம்சாவளி என்பதால் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டவர். அதே காரணத்தால் ஆசிரியர் பயிற்சியை முடிக்க முடியாமல் போனவர். 1946இல் இங்கு வந்து சேர்ந்தார். சலவையறையிலும் வேலை பார்த்தார். துணிகளில் குத்தும் 'பிஎம்சி' முத்திரையைத் தாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் குத்தினார். எழுத்துகள் அலையாக நெளிகின்றன.

இதை வெறும் வடிவ அழகு என்று வாசித்தால் துவைத்த கை மறைந்துபோகும். வேலை எல்லோருக்கும் பொது என்றிருந்ததால்தான் சலவையறைப் பொருளும் அங்கே படிப்புக்குள் வந்தது.

எங்கள் விடுதியின் துவைக்கும் கல்லில் நாங்களும் துவைத்தோம். "பெண் பிள்ளைகள் பழகிக்கொள்ள வேண்டியதுதானே" என்றார்கள். அதைக் கல்வி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.