நிகழும் வினையைச் சொல்லும் மரபுகள்

நம் புதுவையின் சாரம் கடைத்தெருவில் காதில் விழுவது "வந்துகினு இருக்கேன்". மதுரையில் "வந்துக்கிட்டு இருக்கேன்", யாழ்ப்பாணத்தில் "வந்துகொண்டிருக்கிறன்". ஒலி வேறானாலும் கட்டுமானம் ஒன்றுதான்: வினையெச்சம், அதன்மேல் 'கொள்', அதன்மேல் 'இரு'. ஸ்பானியம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கைம்முதல் இல்லை. ஆனால் அவர்களை ஆங்கிலத்தின் வழியாகவே அந்த மொழிக்கு அழைத்துப் போகிறோம்.

தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். நடந்துகொண்டிருப்பதற்கென்று தனி வடிவம் வகுக்கவில்லை. மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்று உரையாசிரியர்கள் காட்டுவது என்றும் உள்ள இயல்பை. நன்னூலோ நிகழ்கால இடைநிலைகளில் 'ஆநின்று' என்பதையும் வைத்தது. உண்ணாநின்றான் என்பதற்குள் 'நில்' இருக்கிறது. "பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு ஸ்பானியர் சொல்லும் 'எஸ்தோய் ஆப்லாந்தோ'வில் வரும் 'எஸ்தார்' என்ற துணைவினையும் நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்ததே.

அடுத்தது பாதிரிமார் மரபு. பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1856இல் கால்டுவெல் நம் வினையெச்சத்தை 'ஜெரண்ட்' என்றும் குறித்தார். காரைக்காலில் வளர்ந்த ழூலியேன் வேன்சோன் 1903இல் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ்க் கையேடு எழுதினார். பிரெஞ்சில் வழக்கமாகச் செய்வது, இப்போது செய்துகொண்டிருப்பது என்ற இரண்டையும் சாதாரண நிகழ்காலமே சொல்லிவிடுவதால், புதுவைப் பிள்ளைகள் அந்த மொழியைக் கற்கையில் 'கொண்டிரு'வை விட்டுவிடப் பழக வேண்டியிருந்தது. மொழியியலார் மரபுக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு: தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணத்தை 1989இல் வெளியிட்டது புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம்.

இனி, தமிழ்-ஸ்பானிய ஒப்புமைக்கு உரைகல். "நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றால் பெரும்பாலும் வேலை இப்போது கையில் இருக்கிறது. "பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன்" என்பது தூங்கும் நேரத்திலும் உண்மை. ஸ்பானியத்திலும் இந்தப் பிரிவு உண்டு: 'பெங்கோ தீசியெந்தோ' என்றால் சொல்லி வருகிறேன், அங்கும் துணைவினை 'வா'தான். "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று நாம் சொல்வதில்லை. அவர்களும் அறிதலை இயல்பாக இவ்வடிவில் சொல்வதில்லை. நாளைய வருகையை ஆங்கிலம் தொடர்வினையில் சொல்லும். தமிழும் ஸ்பானியமும் "நாளை வருகிறேன்" என்பதோடு நிறுத்தும். ஆங்கில வழிக் கல்வி இந்த இடத்தில்தான் மாணவரைத் தடுக்கி விழவைக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் நம் தமிழே தவறாக வழிகாட்டும். 'செய்து' என்னும் எச்சம் இறந்தகாலத்தது. "சாப்பிட்டுப் போனான்" என்பதை 'ஆப்லாந்தோ' போன்ற ஸ்பானிய ஜெரண்டில் அப்படியே போட்டால், சாப்பிட்டுக்கொண்டே போனான் என்று ஆகிவிடும். அவர்களுடைய ஜெரண்டுக்கு இணை தனி 'செய்து' அன்று, 'செய்துகொண்டு'. ஆசிரியர் முதல் வாரத்திலேயே இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.