கதவைத் திறப்பவர் யார்?

ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஆண்பாலில் ‘ஹீ’ உண்டு; பெண்பாலில் ‘ஷீ’ உண்டு. எவரையும் பொதுவாகக் குறிக்க ‘ஹீ’ போதும் என்பதே இலக்கண ஆசிரியர் பலரின் நெடுநாள் விதி. 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றமும், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று விதித்தது. சட்டம் உள்ளடக்கியவர்களைக் கேட்போரின் செவி உள்ளடக்கிற்றா என்பதே வினா.

வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐ எடுத்துக்கொள்வோம். கிரேக்க மூலத்தில் ‘எவராவது’ எனப் பொருள்படும் ‘டிஸ்’ இருபாலார்க்கும் பொது. அதைத் தொடரும் சுட்டுப்பெயர் வடிவில் ஆண்பால், பொருளில் அன்று. 1952-ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு அதை ‘ஹிம்’ என்றது. 1989-இல் வந்த புதிய திருத்திய பதிப்பு வாக்கியம் முழுவதையும் முன்னிலையாக்கி ‘யூ’ என்றது. புதிய சர்வதேசப் பதிப்பின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தமோ, ‘அந்த நபர்’ எனத் தொடங்கி ‘தே’ என முடித்தது.

லவோதிக்கேயா சபையை முன்னிலையில் கடிந்துகொண்டு வந்த ஆண்டவர், இவ்வசனத்தில் ‘எவராவது’ என்று படர்க்கைக்குத் திரும்புகிறார். வெதுவெதுப்பான சபை செவிகொடாமற் போயினும், ஒருவர் எழுந்து கதவைத் திறக்கலாம். இத்திருப்பத்திலேயே வசனத்தின் வன்மை அடங்கியுள்ளது. 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு பெண்களை விலக்கவில்லை. ஆயின் இத்திருப்பத்தை மறைத்துவிட்டது.

‘தே’ பன்மையன்றோ எனத் தடை கூறுவர். 14-ஆம் நூற்றாண்டு முதலே அது ஒருவரைக் குறிக்கவும் வழங்கி வந்துள்ளது. 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் பதிப்பும், பிலிப்பியர் 2:3-இல் ‘ஒவ்வொருவரும்’ என்னும் ஒருமைக்குப் பின் பன்மைச் சுட்டையே ஆண்டுள்ளது. பலர்பாலாகிய ‘அவர்’ தமிழில் ஒருவரைக் குறிக்க வந்ததையும் நாம் அறிவோம். ஆலயத்தில் வாசிக்கக் கேட்போர் ‘தே’ என்பதைப் பலர் எனக் கொள்ளும் இடர் உண்டு. ‘அந்த நபர்’ முன்நிற்பதால் அது இங்குப் பெரிதும் நீங்குகிறது. ஆகவே 2011-ஆம் ஆண்டுத் திருத்தமே மூலத்துக்கு அண்மையானது என்பது நம் துணிபு.

இஃது இலக்கணப் பூசல் மட்டுமன்று. ஆங்கிலப் பதிப்புகளை ஒப்பிட்டே நம்மில் பலர் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்கிறோம். கதவின் உட்புறம் நிற்கும் பெண்ணொருத்தி, அவ்வழைப்பு தனக்குரியதோ என ஐயுறும்படி நாம் வாசித்தல் தகுமோ? கூட்டத்தில் ஒரு பங்காக அன்றி, ஒருத்தியாகவே அவள் அழைக்கப்படுகிறாள் என்பதை மறைத்தலும் தகாது. பந்தி ஆயத்தமாயிருப்பது அவளுக்கும்தான்.