பிடித்தலும் விடுதலும்: போக்கிமொன் தொடர் குறித்துச் சில அவதானங்கள்

சிறுவருக்கான காட்டூன் தொடரொன்றை ஒரு பிரதியாகக் கொண்டு பேசும் வழக்கம் நமது இலக்கியச் சூழலில் அரிது. பேசப்படும் சந்தர்ப்பங்களிலும் அது நல்லதா கெட்டதா, பிள்ளைகளைப் பார்க்க விடலாமா கூடாதா என்ற அளவோடு பேச்சு நின்றுவிடுகிறது. யப்பானியத் தொடரான 'போக்கிமொன்' இவ்வாறு பார்க்கப்படாமலே தீர்ப்பளிக்கப்பட்ட ஒன்று. 2001ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர் சபை போக்கிமொன் விளையாட்டுக்களையும் அட்டைகளையும் தடைசெய்து பத்வா வழங்கியது. சூதாட்டத்தை ஒத்தது, யூத நட்சத்திரம் போன்ற குறியீடுகள் கொண்டது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். பரிணாமக் கோட்பாட்டைப் பிஞ்சு மனங்களில் விதைக்கிறது என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. அப்பெயருக்கு 'நான் யூதன்' என்று பொருள் என வதந்தி வேறு. 'பொக்கெட் மொன்ஸ்டர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை யப்பானியர் தம் வழக்கப்படி சுருக்கியதன் விளைவே அப்பெயர் என்பதைத் தேடிப்பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

அட்டைகளைப் பற்றிய கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பக்கற்றைக் காசு கொடுத்து வாங்கி, அரிய அட்டை வரும்வரை மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டும் வியாபாரம் அது. அதனைச் சூதின் சாயல் என்பதில் தவறில்லை. ஆனால் பரிணாமம் பற்றிய குற்றச்சாட்டு, தொடரின் நான்கு அங்கங்களையாவது பார்த்திருந்தால் எழுந்திராது. இவ்வுயிரிகள் தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. ஒரே உயிரி தன் ஆயுட்காலத்திலேயே உருமாறுகிறது. கேட்டர்பி என்ற புழு கூட்டுப்பூச்சியாகிப் பின் பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகிறது. இது டார்வின் அல்ல, முருங்கை மரத்தடியில் எந்தப் பிள்ளையும் காணக்கூடிய காட்சி.

அது அவ்வாறு அமைந்ததற்குக் காரணமுண்டு. விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்கு இரையாகிப் பூச்சிகள் அற்றுப்போனதைக் கண்டு வளர்ந்தவர். 1996 பெப்ரவரியில் நின்டெண்டோவின் கேம்போய் கருவிக்காக வெளிவந்த சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளும் அந்த இழந்த வயலை ஒரு சிறு திரைக்குள் மீட்கும் முயற்சிதான். இரண்டு கருவிகளை இணைக்கும் வயரைக் கண்டதும் அதன்மீது பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார். எந்த ஒரு பதிப்பிலும் எல்லா உயிரிகளும் கிடையாதவாறு விளையாட்டை அமைத்தார்கள். முழுவதையும் சேர்க்க வேண்டுமாயின் இன்னொரு பிள்ளையைத் தேடிப்போய்ப் பண்டமாற்றுச் செய்தாக வேண்டும்.

எனினும் விளையாட்டின் அடிநாதம் சேகரிப்புத்தான். பார், பிடி, பந்துக்குள் அடை, பட்டியலை நிரப்பு. 1997 ஏப்ரல் முதலாம் திகதி டீ.வி. டோக்கியோவில் ஆரம்பித்த தொடர் இந்த விளையாட்டுக்கான விளம்பரமாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. குனிஹிகோ யுயமா நெறிப்படுத்த, தகேஷி ஷூடோ தலைமை எழுத்தாளராக இருந்தார். நான் கவனங்கொள்ள விரும்புவது, விளம்பரமாகப் பிறந்த இத்தொடர் தான் விற்கவேண்டிய பண்டத்தின் விதியை அடிக்கடி மீறிக்கொண்டிருந்தது என்பதையே. அதன் சிறந்த தருணங்கள் பிடிக்கும் தருணங்கள் அல்ல, விட்டுவிடும் தருணங்களும் மறுக்கும் தருணங்களுமே.

இருபத்தோராவது அங்கத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுச் சிறுவன் ஆஷ் (யப்பானிய மூலத்தில் சத்தோஷி, விளையாட்டை ஆக்கியவரின் பெயரே) தன் கையால் முதன்முதல் பிடித்த உயிரி அந்தக் கேட்டர்பி. வண்ணத்துப்பூச்சியாகி அது இணை தேடும் பருவத்தை அடைந்ததும் கடல் கடந்து செல்லும் தன் இனத்தோடு போகவேண்டியிருக்கிறது. ஆஷ் அழுதுகொண்டே அனுப்பிவைக்கிறான். விளையாட்டின் கணக்கில் இது நட்டம், பட்டியலில் ஒரு வெற்றிடம். தொடரிலோ அந்த நட்டமே ஒரு பிள்ளை வளர்வதன் அடையாளமாகிறது.

மறுப்புகளும் அவ்வாறே. முதல் அங்கத்திலேயே பிக்காச்சு பந்துக்குள் அடைபட மறுத்துவிடுகிறது. பின்னர் தன்னைவிட வலிய ரைச்சுவிடம் அடிபட்டுக் கிடக்கையில், உருமாறிப் பலம் பெறுவதற்கான மின்னற்கல் முன்னே வைக்கப்படுகிறது. அதனைத் தன் வாலால் தட்டிவிடுகிறது. தானாக இருந்தே மோதுவேன் என்ற அந்தப் பிடிவாதத்தைப் பிக்காச்சு வசனத்தால் விளக்குவதில்லை. விளக்கவும் முடியாது, ஏனெனில் இவ்வுயிரிகள் தம் பெயரைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. பிக்காச்சு 'பிக்கா, பிக்காச்சு' என்றுதான் சொல்லும். ஒருவரின் முழு மொழியும் அவரது பெயர் மட்டுமே, கேட்பவர் மீதியைக் குரலிலிருந்தும் முகத்திலிருந்தும் கண்டுகொள்ள வேண்டும் என்பது சாதாரண ஏற்பாடல்ல. இக்குவே ஒட்டானி என்ற கலைஞர் அந்த மூன்று அசைகளைக் கொண்டே கோபம், பயம், பரிகாசம், பாசம் அனைத்தையும் வெளிப்படுத்தினார்.

இவ்விதிக்கு விலக்கானது மியாவ்த் என்ற பூனை. வில்லன் கோஷ்டியான றொக்கட் குழுவின் மூன்றாவது அங்கத்தவர். (யப்பானிய உச்சரிப்பில் 'நியாஸு'. நம்மூர் நியாஸ்கள் பொறுத்தருள்க.) எழுபத்திரண்டாவது அங்கம் இதன் பூர்வகதை. 'மியாவ்த்தின் அ ஆ இ ஈ' என்று தமிழில் சொல்லத்தக்கது அதன் யப்பானியத் தலைப்பு. தெருவில் பசியோடு அலைந்த பூனை, பணக்காரச் சீமாட்டியொருத்தியின் வளர்ப்புப் பூனையை விரும்புகிறது. அவளோ மனிதர்களை மட்டுமே மதிப்பவள். எனவே இது இரவு பகலாக இரண்டு காலில் நடக்கப் பழகி, எழுத்தெழுத்தாக மனித மொழியைக் கற்றுப் பேசியபடி போய் நிற்கிறது. அவள் அருவருப்போடு விலகிவிடுகிறாள். சக்தியெல்லாம் மொழிக்கே செலவாகிவிட்டதால் தன் இனத்துக்குரிய வித்தையையும் அதனால் கற்க இயலாமற் போகிறது. பூனைகளுக்கு அது பூனையில்லை, மனிதருக்கு அது மனிதனில்லை.

எசமானரின் மொழியைக் கற்றால் மதிப்புக் கிடைக்கும் என்று நம்பி, அம்மொழியையும் செம்மையாகக் கற்று, கடைசியில் இரு வாசலிலும் நிறுத்தப்பட்டவனின் கதையை நமது சிறுகதைகள் எத்தனையோ முறை எழுதிப்பார்த்திருக்கின்றன. இருபது நிமிடக் காட்டூனொன்று அதனைப் புலம்பலின்றிச் சொல்லியிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. இதன்பின் மியாவ்த் மொழிபெயர்ப்பாளனாகவே வாழ்கிறது. மற்றவர் சொல்வதை மனிதருக்கு எடுத்துச் சொல்லும், தனக்காக ஒன்றும் கேட்காது.

தொடரே ஆங்கிலத்துக்குப் போனபோது அதற்கு நேர்ந்ததும் இதுபோன்றதே. 1998இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 4கிட்ஸ் நிறுவனத்தின் பதிப்பில், கையில் தெளிவாகத் தெரியும் சோற்றுருண்டையைப் பார்த்து 'ஜெலி டோனட்' என்கிறார்கள். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. 1998 யூலையில் யப்பானில் வெளிவந்த முதற் திரைப்படத்துக்கு நேர்ந்தது அப்படியல்ல. மியூ என்ற ஆதி உயிரியின் மரபணுவிலிருந்து மனிதர் செய்த நகல் மியூடூ. என்னை யார் படைத்தார், எதற்காக, நகலுக்கு வாழும் உரிமை உண்டா என்பவை ஷூடோவின் திரைக்கதையில் அதன் கேள்விகள். நகல்களும் அசல்களும் மோதிச் சரியும் அக்காட்சியில் எவர் பக்கம் நீதி என்று மூலம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆங்கிலப் பதிப்போ கேள்வியைச் சுருக்கி, சண்டை பிடிப்பது பிழை என்ற உபதேசத்தைப் பாத்திரங்களின் வாயில் திணித்தது. கிழமைதோறும் சண்டையைக் காட்டி வாழும் தொடருக்கு இதைவிடப் பொருந்தாத உபதேசம் கிடையாது.

அதே படத்தின் முடிவில் இன்னொரு தப்பித்தலும் உண்டு, இது மூலத்திலேயே உள்ளது. மியூடூ எல்லோர் நினைவையும் அழித்துவிட்டுப் போய்விடுகிறது. கேள்வி கேட்கப்பட்டதே பாத்திரங்களுக்குத் தெரியாது, அடுத்த கிழமை வழமைபோல் சண்டை தொடரலாம். தொடரின் பலவீனம் முழுவதும் இவ்விடத்தில் வெளிப்படுகிறது. ஆஷ் ஆண்டுகள் கடந்தும் பத்து வயதைத் தாண்டவில்லை. வியாபாரம் அவனை வளர விடவில்லை. வயதான சத்தோஷி தன் இளமைப் பயணத்தை நினைத்துப் பார்ப்பதாக ஒரு முடிவைத் தான் எண்ணியிருந்ததாக ஷூடோ பின்னாளில் எழுதினார். அது எடுக்கப்படவேயில்லை. 2010இல் அவர் காலமானார். 2022 நவம்பரில் ஆஷ் உலக வெற்றிவீரனானான். 2023 மார்ச்சில் அவன் கதை நிறைவுற்று, அடுத்த மாதமே வேறு நாயகர்களோடு புதிய தொடர் ஆரம்பித்தது. வண்ணத்துப்பூச்சியை அனுப்பியபோது அவனிடம் கண்ட வளர்ச்சியை இந்த மகுடத்தில் நான் காணவில்லை.

இருபதாண்டு நிறைவுக்காக 2017இல் வெளிவந்த திரைப்படம் முதல் அங்கத்தையே மீளச் சொல்கிறது. அதன் உச்சகட்டத்தில் ஆஷ் பிக்காச்சுவைக் காக்கவென்று பந்துக்குள் போகச் சொல்லி, ஏன் மறுக்கிறாய் எனக் கேட்கிறான். பிக்காச்சு மனித மொழியில் பதில் சொல்கிறது: எப்போதும் உன்னோடு இருக்க விரும்புவதால். அரங்குகளில் பலர் திகைத்ததாகவும் சிலர் சிரித்ததாகவும் செய்தி. முதல் அங்கத்தில் அந்த மறுப்புக்குக் காரணம் தேவைப்படவில்லை. ஆஷ் யாரென்றே அறியாத, அவனைப் பிடிக்கவும் பிடிக்காத ஒரு மிருகம், அடைபட முடியாது என்று மட்டும் நின்றது.