வெள்ளம் வடிந்த பிறகு

2025 மார்ச்சில் நடைபெற்ற ஆஸ்கர் விழாவில், சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்திற்குரிய விருதை லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' பெற்றது. அதனோடு போட்டியிட்டவற்றுள் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தாரின் 'தி வைல்ட் ரோபாட்'டும் ஒன்று. இரண்டும் 2024இல் வெளிவந்தவை. தனித்து நின்ற ஓர் உயிர் பிறரோடு வாழக் கற்பதே இரண்டுக்கும் கரு. ஆதலின் இவற்றின் முடிவுகளை அருகருகே வைத்து நோக்குவது தகும்.

செலவைக் கொண்டு கலையை அளப்பது நம் நோக்கமன்று. எனினும், முன்னது ஏறத்தாழ 35 இலட்சம் யூரோவில், எவரும் விலையின்றிப் பெறத்தக்க பிளெண்டர் என்னும் கணினி மென்பொருளைக் கொண்டு உருவானது. பின்னதற்குச் சுமார் 7 கோடியே 80 இலட்சம் டாலர் ஆயிற்று. இத்துணைப் பொருளை இட்டவர்கள், அரங்கை விட்டு எவரும் கனத்த நெஞ்சோடு வெளியேறுவதை விரும்புவார்களா?

'தி வைல்ட் ரோபாட்' எளிதில் தள்ளத்தக்க படமன்று. தீவொன்றில் ஒதுங்கிய இயந்திரம், தாயற்ற வாத்துக் குஞ்சு ஒன்றை வளர்க்கிறது. இறுதியில் தீவின் நலனுக்காகத் தானே பிரிந்து செல்கிறது. அவ்விடத்தில் கண் கலங்காதார் அரியர். படம் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால், வளர்ந்த பறவை தாயைத் தேடி வந்து சேர்கிறது. அவள் அவனை மறக்கவில்லை என்பதும் நமக்குக் காட்டப்படுகிறது. ஈகைக்குக் கொடுத்த விலை சில நொடிகளில் திருப்பித் தரப்படுகிறது. நமக்கு மகிழ்ச்சிதான், ஆயினும் சற்றே ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வும் உடன் எழுகிறது.

கின்ட்ஸ் ஸில்பலோதிஸ் இயக்கிய 'ஃப்ளோ'வில் ஒரு சொல்லும் இல்லை. பெருவெள்ளத்தில் ஒரு பூனை படகேறுகிறது; கேப்பிபரா, லெமூர், நாய், நெடுங்கால் பறவை ஆகியவை அதற்குத் துணையாகின்றன. நோவாவின் பேழையை நினையாதவர் இரார். ஆனால் அக்கதையில், நீர் வடிந்தபின் மீன்களின் கதி என்னவென்று நாம் எவரும் கேட்டதில்லை! இப்படம் கேட்கிறது. முன்பு பூனையை நீரில் மூழ்காது காத்த திமிங்கிலம் போன்ற பேருயிர், வெள்ளம் வடிந்த கானகத்தில் தரைதட்டிக் கிடக்கிறது. பூனைக்கு வாழ்வளித்த அதே வடிதல் அதற்குச் சாவாகிறது. பூனையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அருகே சென்று தலையால் உரசி நிற்கிறது. தொடக்கத்தில் தன் முகத்தை மட்டுமே நீரில் கண்ட அப்பூனை, முடிவில் தோழர் மூவரின் முகங்களோடு தன் முகத்தையும் காண்கிறது. மகிழ்ச்சியும் துயரமும் இங்கே ஒன்றையொன்று அழிக்கவில்லை.

இது சிறுவர்க்கு ஆகுமா என்று பெற்றோர் வினவக்கூடும். வளர்த்த ஆட்டுக்குட்டியோ கிளியோ இறக்கக் கண்ட எந்தச் சிறுவனுக்கும் இது புதிதன்று. அவன் அருகில் அமர்ந்து பார்ப்பதே பெரியோர் கடன்.

ஒரு குறையும் உண்டு. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின், கடலில் அத்தகைய உயிர் ஒன்று மேலெழுகிறது. அதுவேதானா, வேறொன்றா, மீண்டும் வெள்ளமா எனப் படம் சொல்வதில்லை. எழுந்து போய்விட்டவர்கள் அதைக் காணமாட்டார்கள். பெருநிறுவனத்தார் அளிக்கும் ஆறுதலினும் இது அடக்கமானதே. ஆயினும் அக்காட்சி இல்லாதிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.