தேசிங்கு ராஜாவின் பேலன்ஸ் ஷீட்

செஞ்சிக்கோட்டையில் ஏறி இறங்கி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச மேல்சித்தாமூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் நண்பர். மசாலாப் பொடி தயாரிக்கிறார். அவரிடம் 14 பேர் வேலை பார்க்கிறார்கள்.

"வாழ்ந்தா தேசிங்கு மாதிரி வாழணும் சார். பிசினஸ்ல காம்ப்ரமைஸே கூடாது!" என்றார்.

விஷயம் இதுதான். பெரிய விநியோகஸ்தர் ஒருவர் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒன்று, சரக்குக்கு 45 நாள் கடன். இரண்டு, 100 கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டில் 90 கிராம் போட்டால் போதும், மிச்சத்தில் ஆளுக்குப் பாதி. "ரெண்டும் முடியாதுன்னு போனை வெச்சுட்டேன்!"

பாராட்டத்தான் வாயெடுத்தேன். பி.காம். படித்த புத்தி தடுத்துவிட்டது.

தேசிங்கு கதையை ஒரு நிமிடம் பேலன்ஸ் ஷீட்டாகப் பாருங்கள். அப்பா சொரூப்சிங் பாக்கி வைத்துவிட்டுப் போன கப்பத்தை ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கேட்கிறார். மகன் மறுக்கிறார். தவணை கேட்கவில்லை, தூது, பேரம் எதுவும் எடுபடவில்லை. 1714-ல் சிறு படையோடு பெரும் படையை எதிர்த்து மோதி மாண்டார். வயது சுமார் 22. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. கூடவே உயிர் நண்பனும் போனார்.

நாட்டுப்பாடல் இதை உருகி உருகிப் பாடுகிறது. பாடட்டும், அது நல்ல பாட்டு. வீரம், நட்பு, குதிரை எல்லாம் இருக்கிறது. ஆனால், ராஜாவின் கதையோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செஞ்சி என்ன ஆனது என்று சொல்வதில்லை. நவாப் கையிலிருந்து 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1761-ல் ஆங்கிலேயர் கைக்கும் கோட்டை மாறியது. தலைநகரம் என்ற பெருமை போயே போய்விட்டது.

நம்முடைய சுயமுன்னேற்றப் புத்தகங்களின் குறையும் இதேதான். 'வளைந்து கொடுக்காதே' என்று ஓர் அத்தியாயம், 'நாணலாக இரு' என்று அடுத்த அத்தியாயம். எதில் வளைய வேண்டும், எதில் கூடாது என்று ஒரு வரி கிடையாது.

பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பினார் சி.கே.ரங்கநாதன். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்றார். போட்டியாளரின் குப்பைக்குக்கூட மதிப்புக் கொடுத்த மனசு! ஜனங்கள் பழகியதும், சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் இலவசம் என்று விதியை மாற்றினார். அந்தச் சிறு கம்பெனிதான் பிறகு கெவின்கேர் ஆனது.

இப்போது எதிர்ப்பக்கம். சத்யம் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் எழுதிய கடிதம். உண்மைக் கணக்குக்கும் காட்டிய கணக்குக்கும் முதலில் சின்ன இடைவெளிதான். வருடா வருடம் வளர்ந்துவிட்டது என்றார். இல்லாத வங்கி இருப்பும் ரொக்கமுமாக 5,040 கோடி ரூபாய் ஏட்டில் நின்றது. அவரும் 'கொஞ்சம்' வளைந்து கொடுத்தவர்தான்!

மேல்சித்தாமூர் வந்துவிட்டது. தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விடை பிடிபட்டது.

சமணத்தில் ஐந்து விரதங்கள். துறவிக்கு அவை மகாவிரதம், இம்மியும் பிசகக்கூடாது. இல்லறத்தாருக்கு அதே ஐந்தும் அணுவிரதம், அதாவது இயன்ற அளவு. துறவி புழுவுக்கும் தீங்கு செய்யக்கூடாது. ஆனால், உழவன் ஏர் ஓட்டினால் புழு சாகத்தானே செய்யும்? தமிழ்ச் சமணர்களில் ஏராளமானவர்கள் விவசாயிகள். அதனால் இல்லறத்தாருக்கு, வேண்டுமென்றே கொல்வதற்குத்தான் தடை. பிழைப்பில் தவிர்க்க முடியாமல் நேர்வதற்குச் சலுகை உண்டு. அளவு குறைகிறதே தவிர, விரதம் மாறுவதில்லை. இல்லறத்தானுக்கு 'இன்று பொய் சொல்லலாம்' என்று ஆறாவது விரதம் எதுவும் கொடுக்கவில்லை.

நண்பரிடம் சொன்னேன். "45 நாள் கடன் உங்க மானப் பிரச்னை இல்லை சார், வட்டிக் கணக்கு. உங்க கையில எவ்வளவு பணம் சுழலுதுன்னு பார்த்துப் பேரம் பேசுங்க. ஆனா, அந்த 10 கிராம் உங்களுது இல்லை, வாங்குறவங்களுது. அதைப் பேரம் பேச உங்களுக்கும் உரிமை கிடையாது, அவருக்கும் கிடையாது. நீங்க ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டீங்க."

அவர் பேசவில்லை. செஞ்சி தாண்டி, டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே, 30 நாள்னா தர்றேன். எடை மட்டும் 100 கிராம்தான். அதுல பேச்சே வேணாம்."

எதிர்முனை என்ன சொன்னதோ, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்தார். ஆர்டர் கிடைக்குமா, தெரியாது. ஆனால், இந்த முறை கதவைச் சாத்திவிட்டு வரவில்லை. உள்ளே காத்திருக்கும் 14 பேருக்கு அது முக்கியம்.