கரை நறுக்கப்பட்ட தளம்: அந்தியோக்கியா மொசைக்குகளின் விளிம்பு குறித்து

மொசைக் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நடுப்படத்தின் தொன்மக் கதையையே விளக்குகின்றன. அதனைச் சூழ்ந்த கரை, 'அலங்காரம்' என்னும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தியோக்கியாவின் (இன்றைய துருக்கியிலுள்ள அந்தாக்கியா) தளங்களுக்கு இவ்வணுகுமுறை பொருந்தாது.

அங்கு 1932 முதல் 1939 வரை நடந்த அகழாய்வில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் லூவர், பால்டிமோர், வூஸ்டர் அருங்காட்சியகங்களும் பங்குகொண்டன. வெளிப்பட்ட தளங்கள் பெயர்க்கப்பட்டுப் பங்கிடப்பட்டன. 'முற்ற வீடு' என ஆய்வாளர் வழங்கும் இல்லத்தின் விருந்தறைத் தளம் இதற்குத் தக்க சான்று. பாரிசின் தீர்ப்பைக் காட்டும் பகுதி லூவரில் உள்ளது. தியோனிசசும் ஹெராக்ளிசும் மது அருந்திப் போட்டியிடும் பகுதி வூஸ்டரில் உள்ளது. ஆடற்காட்சி பால்டிமோரில் உள்ளது. மூன்றும் இன்று சுவரில் மாட்டத்தக்க ஓவியங்களாகவே தோற்றமளிக்கின்றன.

அவை ஓவியங்கள் அல்ல என்பதைச் சொல்வது விளிம்புதான். உரோமானிய விருந்தறையில் சாய்மஞ்சங்கள் மூன்று சுவர்களை ஒட்டி இடப்பட்டன. மஞ்சம் மறைக்கும் இடத்தில் எளிய வடிவியல் கோலமும், மறைக்காத இடத்தில் உருவக் காட்சியும் பதிக்கப்பட்டன. ஆகவே உருவப்பகுதியின் கரை முடியுமிடத்தில் மஞ்சம் தொடங்குகிறது. உள்ளே வருபவர் எதைப் பார்த்தார், சாய்ந்திருந்தவர் எதைப் பார்த்தார் என்னும் வினாக்களுக்கு விடை அந்த எல்லையைப் பொறுத்தது.

கைவினைஞரின் வேலைமுறையும் விளிம்பிலேயே வெளிப்படும். கையால் எழுப்பிய அறை முழுச் செவ்வகமாக அமைவது அரிது. சுவரின் கோணலை உருவப்பகுதிக்குள் வரவிடாமல், சுவரோரத்து வெற்றுப் பட்டையின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் அவர் சரிக்கட்டினார். அழகற்றதாகத் தோன்றும் இப்பட்டையே சேகரிப்போர் முதலில் கைவிடுவது. அது நீங்கியபின் எஞ்சும் பகுதி, தான் கிடந்த அறையைவிட ஒழுங்கானதாகத் தெரிகிறது. அவ்வொழுங்கைப் பண்டைக் கலைஞரின் கணக்காகக் கொள்வது பிழை.

எல்லா மொசைக்குகளுக்கும் இது பொதுவன்று. பொம்பேயியில் கிடைத்த, சாமோசைச் சேர்ந்த தியோஸ்கூரிதீசின் கையொப்பமுடைய இரு சிறு படங்கள் 'எம்பிளேமா' வகையின. அவ்வகைப் படம் தனியே செய்யப்பட்டுப் பின்னர் தளத்தில் பொருத்தப்படுவது. அதன் விளிம்பு மெய்யான எல்லை. அதற்குச் சட்டகம் இடுவதில் தவறில்லை. அந்தியோக்கியாவின் தொடர்தளத்தையும் எம்பிளேமாவைப் போலவே நடத்தியதுதான் சிக்கல்.

பெயர்த்தெடுக்கும் முறையும் இதற்குத் துணைபோயிற்று. மேற்பரப்பில் துணி ஒட்டிச் சில்லுகளைத் தூக்கியபின், பழைய சுண்ணச்சாந்துப் படுகை அகற்றப்பட்டு, இரும்புக்கம்பி வைத்த சிமெண்டுக் காரை வார்க்கப்பட்டது. விட்ருவியஸ் தம் நூலின் ஏழாம் பகுதியில் விவரிக்கும் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காணத்தக்க இடம் உடைந்த ஓரமே. அது நேராக நறுக்கப்பட்டு மூடப்பட்டது. பின்னாளில் இரும்பு துருவேறிப் பருக்க, காரை வெடிப்பதும் உண்டு.

தளங்களை மண்ணிலேயே திறந்து விட்டிருந்தால் பல அழிந்திருக்கும் என்னும் வாதம் வலுவுடையதே. எனினும் அது பெயர்த்ததை நியாயப்படுத்துமேயன்றி, நறுக்கியதை நியாயப்படுத்தாது. பாரிசின் தீர்ப்பைச் சூழ்ந்த திராட்சை, ஐவிக் கொடிக் கரை அதன் அழகால் தப்பியது. அந்த அழகு வெற்றுப் பட்டைக்கு இல்லை. இன்று சிமெண்டுக்கு மாற்றாகத் தேன்கூட்டமைப்புடைய இலேசான அலுமினியப் பலகைகள் பயன்படுகின்றன. அவற்றில் ஒழுங்கற்ற ஓரத்தை அப்படியே தாங்க முடியும். மறுபதிப்புப் பணிகளில் ஓரத்தை மீண்டும் நேராக்குவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை.